உலக உருண்டையும் ஒரு முழம் நூலும்

வெளிநாட்டுப் பயணத்துக்குத் தயாராகும் எவரிடமும் நான் முதலில் சொல்வது, பெட்டி வாங்குவதற்கு முன் ஓர் உலக உருண்டை வாங்குங்கள் என்பதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிற சின்ன உருண்டை போதும். கூடவே பூக்கட்டும் நூல் ஒரு முழம். இந்த இரண்டும் இருந்தால், எவ்வளவு தூரம் போகிறோம், எத்தனை மணி நேரம் பறப்போம், எங்கே மாறினால் வீண் சுற்று என்பதையெல்லாம் யாரையும் கேட்காமல் நாமே கண்டுபிடித்துவிடலாம். டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பிப் போய், மருந்து போதாமல், அழைத்துப்போக ஆள் வராமல் திண்டாடிய பெரியவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப் கென்னடி விமான நிலையத்துக்கு, நடுவில் எங்கும் இறங்காமல் பறக்கிற வழி. உலகில் இப்போது பயணிகளை ஏற்றிச் செல்லும் இடைநில்லா விமானங்களில் இதுதான் மிக நீளமானது. இவ்வளவு நீளமான வழியின் கணக்கு கைக்கு வந்துவிட்டால் மற்றவை எல்லாம் எளிது.

சுவரில் மாட்டுகிற உலக வரைபடத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் தேடிப் பாருங்கள். ஒன்று வலப்பக்கம், மற்றது இடப்பக்கம். அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அது இந்தியப் பெருங்கடலையும் ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக்கையும் கடந்து போகும். அந்தக் கோடு குறுக்கு வழி அல்ல. உருண்டையை விரித்துத் தட்டையாக்கும்போது துருவங்களுக்கு அருகில் உள்ள நிலமெல்லாம் இழுபட்டு அகன்றுவிடுகிறது. அதனால் வரைபடத்தில் நேராகத் தெரிவது உண்மையில் சுற்று வழி, வளைந்து தெரிவதுதான் நேர் வழி.

இப்போது நூலை எடுங்கள். ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் பிடித்து, தொய்வில்லாமல் இழுங்கள். நூல் தானாகவே நழுவி வடக்கே ஏறி, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று போய், வட துருவத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு, கனடா வழியாக நியூயார்க்கில் இறங்கும். இரண்டு ஊர்களுக்கும் நடுவே இதைவிடக் குறுகிய பாதை கிடையாது. விமானத்துறையில் தூரம் என்று சொல்லப்படுவது இந்த நூலின் நீளம்தான். இந்தப் பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

நீளத்தைக் கணக்கிட வழக்கமாகக் கோண கணித வாய்ப்பாடு வேண்டும். ஆனால் இந்த இரண்டு ஊர்களும் நமக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருக்கின்றன. சாங்கி இருப்பது கிழக்கே 104 பாகையில், கென்னடி விமான நிலையம் மேற்கே 74 பாகையில். கூட்டினால் 178. அதாவது உலக உருண்டையில் ஒன்று இந்தப் பக்கம் என்றால் மற்றது ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கம். ஆகவே ஒரு ஊரிலிருந்து துருவத்துக்கு ஏறி, அங்கிருந்து மற்ற ஊருக்கு இறங்குவதாக எடுத்துக்கொண்டால் கூட்டல் கழித்தலிலேயே வேலை முடிந்துவிடும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.36 பாகை. துருவம் 90 பாகை. ஏற வேண்டியது 88.64. நியூயார்க் 40.64 பாகையில் இருக்கிறது. இறங்க வேண்டியது 49.36. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 15,346 வரும். விமானத்துறை சொல்லும் தூரம் 15,349 கிலோமீட்டர். கூட்டலும் பெருக்கலும் மட்டுமே வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் பிசகில் உலகத்தின் பாதியை அளந்துவிட்டோம். முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

எல்லா ஊர்களும் இப்படி எதிரெதிரே அமையாது. மற்றவற்றுக்கு நூலே போதும். உருண்டையின் நடுக்கோட்டை ஒரு சுற்று நூலால் அளந்தால் அது 40,000 கிலோமீட்டர். அந்த நீளத்தோடு உங்கள் நூலை ஒப்பிட்டு விகிதம் போடுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900, சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 என்று கிட்டத்தட்டச் சரியாகவே வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். விமானத்தின் திரையிலும் சில அட்டவணைகளிலும் தூரத்தை மைலில் போட்டிருப்பார்கள். சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர், விமானிகளும் மாலுமிகளும் புழங்கும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர். நமது 15,349 கிலோமீட்டர் முதல் கணக்கில் 9,537, இரண்டாவதில் 8,288. மூன்றும் ஒரே தூரம்தான். குழம்ப வேண்டாம்.

தூரம் தெரிந்துவிட்டது. இனி நேரம். பெரிய ஜெட் விமானங்கள் உச்ச உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும், இறங்கிய பிறகு வாயிலுக்கு வந்து நிற்க வேண்டும். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரம் ஒரு வாயிலில் கதவடைத்து நகர்ந்ததிலிருந்து மறு வாயிலில் நிற்பது வரைக்குமானது, வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. எனவே நான் கடைப்பிடிக்கும் விதி இது: கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து, அரை மணி கூட்டுங்கள். 15,349-ஐ வகுத்தால் 18 மணி சொச்சம். அரை மணி சேர்த்தால் 18 மணி 33 நிமிடம். அட்டவணையில் இந்த விமானத்துக்கு 18 மணி 40 நிமிடத்தை ஒட்டிய நேரமே பெரும்பாலும் கொடுக்கப்படுகிறது. சென்னை – லண்டனுக்கு இதே விதி 10 மணிக்குச் சற்று மேல் என்று காட்டும். போகும்போது அதைவிடக் கூடுதலாகவும் வரும்போது குறைவாகவும் ஆகும்.

இந்தக் கூடுதல் குறைவுக்குக் காரணம் காற்று. தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, ஆறு போல ஒரு காற்றோட்டம் உலகைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம், குளிர்காலத்தில் இன்னும் முறுக்கேறும். இதை முதலில் முறையாக அளந்தவர் வாசபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் போக்கைத் தொலைநோக்கியில் பார்த்துக் குறித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று தம் முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அந்த மொழியை அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் யாரும் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மீது பறந்த அமெரிக்க விமானிகள் இதே காற்றில் மாட்டிக்கொண்ட பிறகுதான் மற்ற நாடுகளுக்கு இதன் வலிமை உறைத்தது. அத்தனை ஆண்டு உழைத்த மனிதருக்கு உரிய காலத்தில் பெயர் கிடைக்காமல் போனதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இந்தக் காற்று எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு சான்று. 2020 பிப்ரவரியில் கியாரா புயல் வீசியபோது, நியூயார்க்கிலிருந்து லண்டன் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று சுமார் 5,540 கிலோமீட்டரை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. அந்த வழிக்கு வழக்கமாக ஆறு மணிக்கு மேல் ஆகும். எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு இதே காற்று தடையாகும். மேற்கே போகும்போது நேரம் கூடுவதற்கு உலகம் சுழல்வது காரணம் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. உலகத்தோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, விமானம் மிதப்பது அந்தக் காற்றில்தான்.

சிங்கப்பூர் – நியூயார்க் வழியின் அழகு இங்கேதான் இருக்கிறது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், துருவத்தின் மேலே போகலாம், கிழக்கே பசிபிக் வழியாகவும் போகலாம், மேற்கே ஐரோப்பா வழியாகவும் போகலாம். விமானத்தை அனுப்புகிறவர்கள் அன்றன்றைய காற்றைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும்போது பசிபிக் மேல் கிழக்கு நோக்கிப் போய், திரும்பும்போது அட்லாண்டிக்கைத் தாண்டி மறுபடியும் கிழக்கு நோக்கியே பறந்து ஊர் சேருவதுண்டு. போகையிலும் வருகையிலும் பின்காற்று! அப்படி அமைந்தால் பயணி உலகை ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறார்.

சுற்று வழி எப்படி லாபமாகும் என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். நேர் வழியில் காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால் 15,350-ஐ 900-ஆல் வகுக்க வேண்டும், 17 மணி 3 நிமிடம். ஆயிரம் கிலோமீட்டர் சுற்றிப் போய், வழிநெடுக மணிக்கு 100 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் 16,350-ஐ 1,000-ஆல் வகுக்கிறோம், 16 மணி 21 நிமிடம். ஆயிரம் கிலோமீட்டர் அதிகம் பறந்தும் முக்கால் மணி நேரம் போல மிச்சம். எரிபொருளும் மிச்சம். அதனால் இருக்கைத் திரையில் விமானம் வளைந்து போவதைப் பார்த்துக் கலங்காதீர்கள்.

பாதையை மாற்றும் இன்னொன்று அரசியல். ஒரு நாடு தன் வான்வெளியை மூடிவிட்டால் நூல் காட்டும் வழி பயன்படாது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. சுமார் ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சின்கி – டோக்கியோ பயணம் 13 மணி நேரம் ஆனது. நமக்கு அருகில், 2019-இல் சில மாதங்களும், மீண்டும் 2025 ஏப்ரலிலிருந்தும், இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டபோது தில்லியிலிருந்து மேற்கே போகும் பயணங்கள் நீண்டன. பழைய பயண அனுபவத்தை வைத்து நேரம் சொல்லும் உறவினரின் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தேதிக்கு உரிய அட்டவணையைப் பாருங்கள்.

இந்த வழித்தடத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிக்கெட் விலைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூனில் நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்குக்கு நான்கு என்ஜின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில் இந்தச் சேவையைத் தொடங்கியது. அந்த விமானம் எரிபொருளைக் குடித்துத் தீர்த்தது. 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டே என்ஜினில் இவ்வளவு தூரம் போகக்கூடிய ஏ350-900 யூஎல்ஆர் வந்த பிறகு 2018 அக்டோபரில் சேவைக்கு மறுபடியும் உயிர் வந்தது. கென்னடி விமான நிலையத்துக்கு 2020 நவம்பரில் பறக்கத் தொடங்கினார்கள். இந்த யூஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் ஏற்றிக்கொள்ளும். அந்தப் பாரத்தைச் சுமப்பதற்காக ஆட்களைக் குறைத்திருக்கிறார்கள். பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எகானமியில் 94, ஆக மொத்தம் 161 இருக்கைகள்தான். சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. இடைநில்லாப் பயணத்துக்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போகிறவர்கள் இந்த விமானத்தைப் பிடிக்கலாமா? இங்கேதான் நூல் உங்கள் பணத்தையும் உடம்பையும் காப்பாற்றும். சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நூல் பிடித்தால் சுமார் 13,500 கிலோமீட்டர் வரும். துபாயில் மாறினால் மொத்தம் 13,950-ஐ ஒட்டி, லண்டனில் மாறினால் 13,800-ஐ ஒட்டி. இரண்டுமே நேர் வழியிலிருந்து அதிகம் விலகவில்லை. சிங்கப்பூரில் மாறினால்? 2,900-ம் 15,350-ம் சேர்ந்து 18,250-க்கு மேல். ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர், அதாவது ஐந்தரை மணி நேரம் கூடுதலாகப் பறக்கிறீர்கள். சிங்கப்பூரில் மகளோ மருமகனோ இருந்து, நான்கு நாள் தங்கிவிட்டுப் போவதென்றால் அருமையான வழி. அப்படி இல்லையென்றால் வயதான பெற்றோருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த ஊரில் மாறுவது என்று முடிவு செய்யும் முன், நடுவூரையும் சேர்த்து நூல் பிடித்துப் பாருங்கள்.

இனி, அதிகம் பேர் தவறுகிற இடத்துக்கு வருகிறேன். கடிகாரம்.

என் பெரியம்மா மகள் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நியூயார்க்கில் விமானம் ஏறினாள். பத்தொன்பது மணி நேரம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். சிங்கப்பூரில் இருந்த பெரியம்மா விரல்விட்டு எண்ணி, சனிக்கிழமை மாலை வந்துவிடுவாள் என்று மீன்குழம்பு வைத்துவிட்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டார். மகள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அந்த இரவு அவர் பட்ட பாட்டை இப்போது சொன்னாலும் அவர் கண் கலங்கும். மகள் பத்திரமாக வானத்தில்தான் இருந்தாள். இறங்க வேண்டியதே ஞாயிறு காலைதான்.

கணக்கு இதுதான். சிங்கப்பூர் நேரம் நியூயார்க் நேரத்தைவிடக் குளிர்காலத்தில் 13 மணி முன்னால் ஓடுகிறது. வெள்ளி இரவு 10.30-க்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், நியூயார்க் கடிகாரத்தில் சனி மாலை 5.10. அதோடு 13 மணி கூட்டுங்கள், சிங்கப்பூரில் ஞாயிறு காலை 6.10. டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடியாக +2 என்று போட்டிருப்பது இதைத்தான். இரண்டு தேதி தள்ளி என்று பொருள். எதிர்த்திசையில் வேறு கதை. சிங்கப்பூரில் நண்பகல் 12-க்குக் கிளம்பினால், அங்கே மறுநாள் காலை 6.40 ஆகும்போது விமானம் இறங்கும். 13 மணி கழித்தால் நியூயார்க்கில் அதே நாள் மாலை 5.40. ஏறத்தாழ பத்தொன்பது மணி நேரம் பறந்தும் தேதி மாறவில்லை.

சர்வதேசத் தேதிக்கோட்டை எந்தப் பக்கமாகத் தாண்டினோம் என்று யோசித்தால் தலை சுற்றும். அதை மறந்துவிடுங்கள். எப்போதும் கிளம்பிய ஊரின் கடிகாரத்தோடு பறக்கும் நேரத்தை முதலில் கூட்டுங்கள், பிறகு இரண்டு ஊர்களின் வேறுபாட்டைக் கூட்டவோ கழிக்கவோ செய்யுங்கள். வரிசை மாறாவிட்டால் விடை தப்பாது. அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பார்கள். அந்த மாதங்களில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் சரியாக 12 மணி வேறுபாடு. நம் ஊருக்கும் நியூயார்க்குக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி.

இந்த வேறுபாடு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மிக முக்கியம். கிழக்கே பறந்தால் உங்கள் நாள் சுருங்கும், மேற்கே பறந்தால் நீளும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், கிளம்பும் நேரம், பறக்கும் மணி, இறங்கும் நேரம் மூன்றையும் தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டி, எந்த வேளைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறையில் போகும் பெட்டிக்குள் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். மருந்துச் சீட்டும் உடன் இருக்கட்டும்.

கால் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆரோக்கியமானவர்களில் ஆறாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான் இது நேர்கிறது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பதினெட்டு மணி நேரத்தில் பலமுறை எழுந்து நடக்கத்தான் வேண்டும். ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் இருப்பவர் தூங்குகிறாரே, எழுப்பினால் தப்பாக நினைப்பாரோ என்று தயங்கியே பல அம்மாக்கள் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா, தயங்காதீர்கள். முன்பு ரத்தம் உறைந்தவர்களும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைப் பார்க்காமல் டிக்கெட்டே எடுக்கக் கூடாது.

டிக்கெட்டில் நியூயார்க் என்று இருந்தால் எந்த விமான நிலையம் என்று பாருங்கள். கென்னடி நகரின் ஒரு பக்கம், நியூவார்க் ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்சியில். இரண்டுக்கும் நடுவே சாலையில் ஒரு மணி நேரம் சாதாரணமாக ஆகும், நெரிசலில் இரண்டும் ஆகலாம். பிள்ளைகள் நியூஜெர்சியின் எடிசன் பக்கம் இருந்தால் நியூவார்க்கே வசதி. ஒன்றில் இறங்கி மற்றதில் அடுத்த விமானம் பிடிக்கும்படி அமைந்த டிக்கெட்டை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

கடைசியாக, கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள், அதன் படத்தை அழைக்க வருபவருக்கு அனுப்புங்கள். மணி எண்ணிக்கை அதில் வேண்டாம். கிழமையும் எந்த ஊர் நேரம் என்பதும் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது எழுதுவது இப்படி: “வெள்ளி இரவு 10.30, நியூயார்க் நேரம், கென்னடியில் ஏறுகிறேன். ஞாயிறு காலை 6.10, சிங்கப்பூர் நேரம், சாங்கியில் இறங்குகிறேன். பெட்டி எடுத்து வெளியே வர 7 ஆகும். சனிக்கிழமை முழுவதும் போன் எடுக்க மாட்டேன்.”